யோசேப்பின் களஞ்சியம்



பேகம்பூர் தோல் ஷாப்பில் வேலை செய்யும் ஒரு சகோதரர் 2015-ல் என்னிடம் வந்தார். அப்போது அவருக்கு 39 வயது. "பாஸ்டர், அடல் பென்ஷன்னு பேங்க்ல சொல்றாங்க. சேரலாமா?" என்றார். நானோ, "கர்த்தர் பாத்துக்குவார் பிரதர், அதெல்லாம் அவிசுவாசம்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

போன மாசம் அவர் வீட்டுக்கு ஜெபிக்கப் போனேன். சுண்ணாம்புத் தொட்டியில் வெந்துபோன கைகளைக் காட்டி, "இன்னும் எத்தனை வருஷம் பாஸ்டர் தோல் தூக்க முடியும்?" என்றார். 40 வயது தாண்டினால் அந்தத் திட்டத்தில் சேர முடியாது. கண்ணீரோடு அவரிடம் மன்னிப்புக் கேட்டேன்.

தேவ பிள்ளைகளே, பஞ்சம் வருமென்று அறிந்த யோசேப்பு சும்மா இருந்தானா? ஏழு வருஷமும் விளைச்சலில் ஐந்தில் ஒரு பங்கைச் சேர்த்து வைத்தான். எகிப்தும் பிழைத்தது, அவன் தகப்பன் வீடும் பிழைத்தது. அது அவிசுவாசமல்ல, தேவன் தந்த ஞானம். களஞ்சியத்தை நம்பி தேவனை மறந்த ஐசுவரியவானைத்தான் இயேசு கண்டித்தார்.

வாலிபத் தம்பி, தங்கச்சி! 18 வயதில் சேர்ந்து மாசம் 210 ரூபாய் கட்டினால், 60 வயதுமுதல் மாசம் 5,000 ரூபாய் பென்ஷன் வரும். 40 வயதில் சேர்ந்தால் அதற்கே 1,454 ரூபாய் கட்டணும். வருமான வரி கட்டாதவர்கள் பேங்கிலோ தபால் ஆபீசிலோ கேளுங்கள்.

வயது தாண்டியவர்களே, சோர்ந்துபோகாதீர்கள். தபால் ஆபீசில் மாசம் 100 ரூபாயிலும் ஆர்.டி. தொடங்கலாம். அந்தச் சகோதரர் தொடங்கிவிட்டார். முதல் தவணை கட்ட நானும் கூடப் போனேன்.

தசமபாகம் எடுத்துவைக்கிற கை, முதிர்வயதுக்கும் ஒரு பங்கை எடுத்துவைக்கட்டும். கர்த்தர் அதை ஆசீர்வதிப்பார். ஆமென், அல்லேலூயா!