கையும் நாக்கும்

சீடன்: ஐயா, நேற்று ஓர் ஆவணப்படம் பார்த்தேன், 2011இல் வந்தது. ஜிரோ ஓனோ என்ற ஜப்பானியச் சமையற்காரரைப் பற்றியது. 1925இல் பிறந்தவர். டோக்கியோவின் கின்சா பகுதியில், ஒரு கட்டடத்தின் அடித்தளத்தில், பத்தே இருக்கைகள் கொண்ட கடை. அங்கே சுஷி மட்டும்தான். வாழ்நாளெல்லாம் ஒரே பண்டத்தைச் செய்தால் சலிக்காதா?

குரு: சலித்துப்போனவராகத் தெரிந்தாரா?

சீடன்: இல்லை. எண்பத்தைந்து வயதிலும் இன்னும் கை தேறவில்லை என்கிறார். தன்னடக்கம் என்று எடுத்துக்கொண்டேன்.

குரு: பேய்க்கணவாயை எப்படிப் பக்குவப்படுத்துகிறார்கள், கவனித்தாயா?

சீடன்: ஆக்டோபஸைத்தானே சொல்கிறீர்கள்? கையால் பிசைந்துகொண்டே இருக்கிறார்கள். முன்பெல்லாம் அரை மணி நேரமாம். பிறகு அதை 40, 50 நிமிடமாக்கிவிட்டார்.

குரு: அரை மணி போதாது என்று எந்த வாடிக்கையாளர் வந்து சொன்னார்?

சீடன்: யாரும் சொன்னதாகத் தெரியவில்லை.

குரு: அவர் நாக்கு சொல்லியிருக்கிறது. கை ஒரு படி ஏறினால் நாக்கு இரண்டு படி ஏறிவிடும். நேற்று மெத்தென்று இருந்தது இன்று ரப்பராகத் தெரியும். அப்படிப்பட்ட நாக்கை வைத்துக்கொண்டு தேறிவிட்டேன் என்றால் அதுதான் பொய்.

சீடன்: அப்படியானால் தேறத் தேற நிறைவு தள்ளித்தானே போகும்? ஆசையைப்போல அதுவும் துன்பம்தானே?

குரு: இடக்கைக்காரர் வந்து உட்கார்ந்தால் என்ன செய்கிறார்?

சீடன்: அதைக் கவனித்து, சுஷி வைக்கும் பக்கத்தை மாற்றிக்கொள்கிறார்.

குரு: அதில் அவருக்கு என்ன வரவு? இன்னும் வேண்டும் என்று கேட்கிற மனம் வாடும். இன்னும் நன்றாகக் கொடுக்க வேண்டும் என்கிற மனத்துக்கு வாட நேரமிருக்காது.

சீடன்: ஆனால் அவரிடம் தொழில் கற்றவர்? பத்தாண்டு உழைத்த பிறகுதான் முட்டைப் பண்டத்தைத் தொடவிட்டார்களாம். 200 தடவைக்கு மேல் செய்தும் தள்ளிவிட்டார்களாம். கடைசியில் சரி என்றதும் அழுதுவிட்டாராம். இவ்வளவு வாட்ட வேண்டுமா?

குரு: முதல் தடவை ஏன் தள்ளப்பட்டது என்று அவருக்குப் புரிந்திருக்குமா?

சீடன்: புரிந்திருக்காது.

குரு: இருநூறாவது தடவை?

சீடன்: ஆசான் வாயில் வைக்குமுன்பே தெரிந்திருக்கும்.

குரு: செய்முறையைத் தாளில் எழுதித் தந்துவிடலாம். நாக்கை எப்படித் தருவது?

சீடன்: நான் எழுதிய உரையை முந்தாநாள் திருப்பித் தந்தீர்கள். எங்கே பிழை என்று சொல்லவே இல்லை.

குரு: மறுபடி படித்தாயா?

சீடன்: படித்தேன். மூன்றாம் பத்தி வேகவில்லை, ஐயா.