செய்யாத வினையும் சிறுவர் கல்வியும்

தினை விதைத்தவன் தினை அறுப்பான், வினை விதைத்தவன் வினை அறுப்பான் என்னும் பழமொழியைக் கேட்டு வளராத தமிழ்க் குழந்தை அரிது, ஆயினும் தினையும் சாமையும் கேழ்வரகும் வானத்தை நம்பியே விளைகின்ற கொல்லிமலையில், பெரக்கரை நாட்டுப் பள்ளிச் சிறுமி ஒருத்தி, “மழை ஏன் பருவம் தப்புகிறது?” என்று தன் ஆசிரியரைக் கேட்பாளாயின், அந்தப் பழமொழியைக் கொண்டே அவளுக்கு விடை சொல்லலாமா என்பது, தர்மம் பயின்றவரையும் தயங்கவைக்கும் வினாவாகும்.

ஆலைத்தொழில் பெருகுவதற்கு முன்பு காற்றில் பத்து லட்சத்தில் 280 பங்காக இருந்த கரியமில வாயு, நிலக்கரியும் பெட்ரோலும் எரிந்து எரிந்து, இன்று 420 பங்கைத் தாண்டிவிட்டது. இவ்வாயு பெருகினால் பூமியின் உஷ்ணம் ஏறும் என்று ஸ்வீடன் நாட்டு விஞ்ஞானி அர்ரேனியஸ் 1896ஆம் ஆண்டிலேயே கணக்கிட்டுக் காட்டியிருந்தார். உஷ்ணம் ஏற, மழையின் பருவமும் தடுமாறுகிறது. எரித்து எரித்து அந்த வினையை விதைத்தவை செல்வ நாடுகளும் பெருநகரங்களும். அறுப்பவர்களிலோ, சரிவு நிலத்தில் சாமை விதைக்கும் குடியானவனின் மகளும் ஒருத்தி. செய்தவனையே வினை சென்று சேரும் என்பது சைவ சித்தாந்தத்தின் துணிபு. அதைக் காட்டி, “இது உன் பூர்வ ஜன்ம பலன்” என்று அவளிடம் சொல்வது குழந்தைக்கும் அபசாரம், சித்தாந்தத்துக்கும் அபசாரம்; கர்ம விசாரம் தன்னைத் தானே சோதித்துக்கொள்வதற்கு ஏற்பட்டதேயன்றிப் பிறர் துன்பத்துக்குத் தீர்ப்பெழுத ஏற்பட்டதன்று.

“சாமி கோபித்துக்கொண்டது” என்பது இன்னொரு சுலபமான விடை. மலையாளிகள் எனப்படும் இம்மலைப் பழங்குடி மக்கள், தெய்வம் உறையும் கோயில்காட்டில் கோடரி வைக்கக் கூசுவார்கள். செருப்பைக் கழற்றிவிட்டே உள்ளே நுழைவார்கள். அந்த அடக்கம் போற்றத்தக்கது. எனினும் மழை தவறுவதைத் தெய்வ கோபமாக்கினால், தொலைதூரத்துப் புகைபோக்கி தப்பிக்கொள்ள, அபராதம் முழுவதும் பெற்றோர் தலையிலும் பிள்ளையின் தலையிலும் வந்து விழுகிறது.

அப்படியானால் மௌனமே மேலா? தீமை பயவாத சொல்லே வாய்மை என்று வள்ளுவர் இலக்கணம் வகுத்தார். மறைக்கப்பட்டதைப் பின்னொருநாள் குழந்தை அறியும்போது, மறைத்தவர்மீது அதற்குள்ள நம்பிக்கையும் கெடுகிறதாதலால், மௌனமும் தீமையே. சுற்றுச்சூழலைப் பள்ளிகளில் கட்டாயமாகக் கற்பிக்க வேண்டும் என்ற தன் ஆணையை உச்ச நீதிமன்றம் 2003இல் மீண்டும் வலியுறுத்திற்று. எப்படிக் கற்பிப்பது என்பதையோ ஆசிரியரின் விவேகம்தான் தீர்மானிக்க வேண்டும்.

ஏழு வயதுப் பிள்ளைகளை உச்சிப் பொழுதில் கோயில்காட்டுக்கு அழைத்துச் சென்று, சருகை விலக்கி மண்மேல் உள்ளங்கையை வைக்கச் சொல்லி, பிறகு வெட்டவெளியான மரவள்ளிக் காட்டு மண்ணிலும் அவ்வாறே வைக்கச் சொன்னால், ஒன்றின் ஈரக் குளிர்ச்சியையும் மற்றொன்றின் சூட்டையும் அந்தக் கைகளே அறிந்துகொள்ளும். அதன்பின், மலைக்குளிருக்குப் போர்த்தும் கம்பளிபோல் காற்று பூமியைக் காக்கிறது என்றும், புகை அந்தக் கம்பளியைத் தடிமனாக்கிவிட்டது என்றும் சொன்னால் போதும். வெள்ளமும் பிரளயமும் காட்டி அச்சுறுத்த வேண்டியதில்லை. புகையின் கணக்கும், யார் பொறுப்பு என்ற நியாயமும் பன்னிரண்டு வயதுக்குக் காத்திருக்கலாம்.

மனிதன் செய்ததை மனிதனே மாற்றலாம் என்பதற்கும் இம்மலையிலேயே சாட்சி உண்டு. உமி போக இடிக்கும் பாடும் சந்தை விலையும் சேர்ந்து சிறுதானியத்தைப் பின்னுக்குத் தள்ள, சமவெளி ஜவ்வரிசி ஆலைகளுக்கான மரவள்ளி வயல்களைப் பிடித்துக்கொண்டது, பின்னர் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் இங்குள்ள உழவர்களோடு சேர்ந்து விதைகளைக் காத்து, உமி நீக்கும் இயந்திரங்களையும் கொண்டுவந்தது.

ஆகவே, குழந்தைக்குச் சொல்லவேண்டிய விடை இதுவே: “இதை நீ செய்யவில்லை, அம்மா, பெரியவர்களாகிய எங்கள் உலகம் செய்தது, திருத்தும் பொறுப்பும் எங்களுடையது.” மரக்கன்று நடும்படி பிள்ளைகளை ஏவிவிட்டு, அதையே தங்கள் பிராயச்சித்தமாக எண்ணித் திருப்தியடையும் பெரியவர்களுக்கு, அப்பிள்ளைகள்முன் நின்று உபதேசம் செய்யும் யோக்கியதை இல்லை.