சொல்லாமல் இருந்ததும் பொய்தானா?

எனக்கு 11 வயதில் முதல் வகை நீரிழிவு வந்தது. இனிப்பு சாப்பிட்டு வந்ததல்ல. கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களை உடலின் எதிர்ப்புச் சக்தியே அழித்துவிடுகிறது. (கோயிலில் பார்க்கும் ஆன்ட்டிகளுக்கு இதைச் சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது.)

போன வருடம் ஊலு லங்காட்டில் இளைஞர் முகாம். காலை வழிபாட்டுக்குப் பெரிய கோலம் போடும் பொறுப்பு எனக்கு. முதல்நாள் முழுக்க காட்டில் நடந்தது, ராத்திரி சரியாகச் சாப்பிடாதது எல்லாம் சேர்ந்து, பாதிக் கோலத்தில் கை நடுங்க ஆரம்பித்தது. இழை கோணிக்கொண்டு போனது. சர்க்கரை இறங்குகிறது என்று தெரியும். ‘இந்த மூலைய முடிச்சிட்டுப் போவோம்’ என்று வாயைத் திறக்கவில்லை. அப்புறம் சோதித்தால் 3.1. நாலுக்குக் கீழே போனாலே உடனே 15 கிராம் சர்க்கரை எடுக்க வேண்டும்.

யாருக்கும் தொந்தரவு தராததுதான் தர்மம் என்று நினைத்திருந்தேன். கூடாரத்தில் கூடப் படுத்த தங்கச்சி கேட்டாள்: “அக்கா, ராத்திரி நீங்க மயங்கியிருந்தா, தூங்குறீங்கன்னுதானே நெனச்சிருப்பேன்?”

பதில் வரவில்லை. வாய்மை என்றால் பொய் சொல்லாதது மட்டுமா? என் மௌனம் அவளுக்கே தெரியாமல் அவளைக் காவலுக்கு நிறுத்தியிருந்தது. அதில் பணிவைவிட ஆணவமே அதிகம் என்று இப்போது தோன்றுகிறது.

இந்த முறை முதல்நாளே பையைத் திறந்து காட்டினேன். குளுக்கோஸ் மாத்திரை இங்கே. நினைவில்லாமல் கிடந்தால் வாயில் எதுவும் ஊட்டாதீங்க, 999 கூப்பிடுங்க.

“கோலம் கோணினா உங்களப் பார்க்கணுமா அக்கா?” என்றான் ஒரு தம்பி.

ஆமாம், பாரு என்றேன்.