தனித்த தாய்க்குத் துணை

உபாசக உபாசிகைகளே!

குழந்தையோடு தனித்து நிற்கும் தாயைக் கண்டு, "அது அவள் வினை" என்று விலகுவோர் நம்மிடையிலும் உளர். தம்மம் அவ்வாறு விலகவில்லை.

கருவுற்றதை அறியாது துறவு பூண்ட பிக்குணி ஒருத்தியைத் தேவதத்தன் விசாரியாமலே வெளியேற்றினான். அவள் தோழியரை வேண்டிக்கொண்டு ஜேதவனம் சேர்ந்தாள். பகவன் உபாலி தேரரைச் சபையில் விசாரிக்கப் பணித்தார். விசாகை நாட்களைக் கணக்கிட்டு, அக்கரு இல்லறக் காலத்தது எனத் தெளிவித்தாள். பிறந்த மகவைப் பசேனதி மன்னன் வளர்த்தான். அவரே குமார கஸ்ஸபர்.

பிள்ளை பெற்ற பிக்குணி, அது அறிவுறும் பருவம்வரை அதனை வளர்க்கலாம். மற்றொரு பிக்குணியை அவளுக்குத் துணையாக நியமிக்க வேண்டும். இது வினயபிடகத்துச் சுல்லவக்கத்தில் உள்ள விதி.

என் மனைவி மறைந்தபின், நான் ஆலைக்கு இரவு வேலைக்குச் சென்ற நாட்களில், என் மகனுக்குச் சோறூட்டி உறங்கவைத்தவள் அடுத்த வீட்டு மூதாட்டி. அவள் பஞ்சசீலம் ஓதியறியாள், செய்ததோ தம்மம்.

சங்கம் சரணம் என்று மும்முறை நாவால் சொல்லி அமைந்துவிடாதீர். உங்கள் தெருவில் தனித்திருப்பவளின் கதவைத் தட்டுங்கள். அவள் வேலைக்குப் போகையில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தனித்த தாயே! தந்தையே! துணை கேட்க நாணாதீர். அப்பிக்குணி கேட்டதனாலன்றோ ஜேதவனம் சேர்ந்தாள்!

சர்வ ஜீவர்களும் சுகமாய் வாழ்க.