உளூ முறியும் என்று தண்ணீரை விடாதீர்கள்

 



போன வாரம் அஸர் தொழுகை முடிந்து எழும்போது ஒரு பெரியவர் தலை சுற்றி, தூணைப் பிடித்தபடி உட்கார்ந்துவிட்டார். விசாரித்தால், "காலையில் ஒரு டீ குடித்ததுதான் ஹஜ்ரத். தண்ணீர் குடித்தால் உளூ நிற்பதில்லை" என்கிறார். வெளியூர் போனால் ஒதுங்க இடமில்லையே என்று நம் வீட்டுப் பெண்களும் இதைத்தான் செய்கிறார்கள்.

நன்றாக விளங்கிக்கொள்ளுங்கள். உளூ முறிவது பாவமல்ல. மறுபடி செய்தால் அதற்கும் நன்மை உண்டு. மலஜலத்தை அடக்கிக்கொண்டு தொழுவதை நபி (ஸல்) அவர்கள் தடுத்த ஹதீஸ் ஸஹீஹ் முஸ்லிமில் இருக்கிறது. போய்விட்டு வந்து நிம்மதியாகத் தொழு என்பதுதான் அதன் கருத்து. தண்ணீரையே விட்டுவிடு என்பதல்ல. சிறுநீர் நிற்காமல் கசியும் நோயாளிக்கும், ஒவ்வொரு ஃபர்ளுக்கும் உளூச் செய்து தொழுதுகொள்ள மார்க்கம் சலுகை தந்திருக்கிறது.

மறுமையில் முதலாவதாக விசாரிக்கப்படும் நிஃமத்துகள் உடல் ஆரோக்கியமும் குளிர்ந்த நீரும் என்று திர்மிதியில் வருகிறது. இரண்டும் ஒன்றாகச் சொல்லப்பட்டிருப்பதைக் கவனியுங்கள். நீரைக் கொடுத்தும் குடிக்காமல் உடலைக் கெடுத்துக்கொண்டால் என்ன பதில் சொல்வோம்?

எதைக் குடிப்பது? முதலில் தண்ணீர். தாகம் வரும்வரை காத்திராமல், உட்கார்ந்து, மூன்று மூச்சில், சுன்னத்தான முறையில் குடியுங்கள். அடுத்து நீர்மோர், இளநீர், நோன்புக் காலத்தில் கஞ்சி. டீயும் நீர்க்கணக்கில் சேரும்தான். ஆனால் ஐந்து டீயோடு சேர்ந்து போகும் சர்க்கரையை நினைத்துப் பாருங்கள். கலர், சோடாவும் அப்படியே. வயிற்றுப்போக்கு என்றால் மருந்துக்கடையில் கிடைக்கும் ஓஆர்எஸ் பொட்டலத்தை, அதில் போட்டிருக்கும் அளவு தண்ணீரில் கலந்து குடியுங்கள். சிறுநீர் அடர்மஞ்சளாகப் போனால் பெரும்பாலும் உடலுக்கு நீர் போதவில்லை என்று அர்த்தம். சிறுநீரக, இதய நோயாளிகள் மட்டும் டாக்டர் சொன்ன அளவைத் தாண்ட வேண்டாம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் இளநீரையும் கேட்டுத்தான் குடிக்க வேண்டும்.

நிர்வாகிகளுக்கு ஒரு வேண்டுகோள். உளூச் செய்யும் இடத்தருகே குடிதண்ணீர் வையுங்கள். வழிப்போக்கரான பெண்களும் பயன்படுத்தும்படி கழிப்பறையைத் திறந்து வையுங்கள். தாகம் தீர்ப்பது சிறந்த ஸதகா. தயங்காமல் குடிக்க வழி செய்வதும் அதில் சேரும்.

யா அல்லாஹ்! நீ தந்த நீருக்கும் உடலுக்கும் நன்றி செலுத்தும் அடியார்களாக எங்களை ஆக்குவாயாக. ஆமீன்.