தோற்கும் நாளிலும் வரும் கடிதம்

கண்டிக்குக் கடல் கிடையாது. மிக அருகில் உள்ள பெரிய துறைமுகமான கொழும்புக்கு வீதி வழியே 115 கிலோமீட்டர். ஆனாலும் 1944 ஏப்ரல் முதல் 1945 நவம்பர் வரை, வங்காள விரிகுடாவில் எந்தக் கரையில் எப்போது படை இறங்க வேண்டும் என்பதை இந்த மலைகளுக்கு நடுவில் அமர்ந்துதான் திட்டமிட்டார்கள். நேச நாடுகளின் தென்கிழக்காசியப் படைத் தலைமையகத்தை அதன் தளபதி மவுண்ட்பேட்டன் டில்லியிலிருந்து பேராதனைத் தாவரவியல் பூங்காவுக்கு மாற்றியிருந்தார். ஆயிரக்கணக்கான அலுவலர்கள் அங்கே வேலை செய்தார்கள்.

அந்தத் தலைமையகத்தின் கதையில் என்னைப் பிடித்து நிறுத்துவது அதன் காத்திருப்பு. சுமத்ராவில் இறங்கும் திட்டம் மாதக்கணக்கில் பேசப்பட்டது. இறங்கு படகுகள் ஐரோப்பாவுக்குத் தேவைப்பட்டதால் நடக்கவேயில்லை. 1945 மே மாதம் ரங்கூனில் கடல் வழியே இறங்கியபோது ஜப்பானியர் நகரை விட்டுப் போயிருந்தார்கள். அதே ஆண்டு செப்டம்பரில் மலாயாக் கரையில் இறங்கியபோது ஜப்பான் சரணடைந்தே விட்டது. எதிராளியைக் காணாமல், அவர் என்ன நினைக்கிறார் என்று ஊகித்து, வரைபடத்தின் மேல் குனிந்தபடியே அந்த மனிதர்கள் நாட்களைக் கழித்தார்கள்.

பேராதனையிலிருந்து கண்டி நகரைத் தாண்டி மறுபக்கம் வந்தால் பல்லேகல. இங்கே என் வீட்டு மேசையில் பல ஆண்டுகளாக அதே போர் நடந்துகொண்டிருக்கிறது. ‘வார் இன் தி பசிபிக்: அட்மிரல்ஸ் எடிஷன்’ என்ற கணினி விளையாட்டு அது. மேட்ரிக்ஸ் கேம்ஸ் 2009இல் வெளியிட்டது. இந்து சமுத்திரத்திலிருந்து அமெரிக்காவின் மேற்குக் கரை வரை பரந்த வரைபடத்தில் ஒவ்வொரு அறுகோணமும் 40 மைல். கொழும்பும் திருகோணமலையும் அதில் துறைமுகங்கள். கப்பல்களுக்கு மட்டுமல்ல, விமானிகளுக்கும் தனித்தனிப் பெயர் உண்டு. போரின் ஒரு நாளுக்கு ஒரு முறை. 1941 டிசம்பர் 8ஆம் திகதி தொடங்கிய பசிபிக் போர் 1945 ஆகஸ்ட் 15இல் ஓய்ந்தது என்று கணக்கிட்டால்கூட 1,347 முறைகள். தினமும் ஒன்று ஆடினாலும் மூன்றரை ஆண்டுக்கு மேல் ஆகும். வேலையும் குடும்பமும் உள்ளவர்களால் தினமும் ஆட முடிவதில்லை.

என் எதிராளி கனடாவில் இருக்கிறார். யாழ்ப்பாணத்திலிருந்து இளவயதிலேயே போனவர். என்னைவிட மூத்தவர் என்பதால் நான் அவரை அண்ணை என்கிறேன். அவருக்கு நான் தம்பி. இருவரும் நேரில் சந்தித்ததில்லை. அவர் தமது கட்டளைகளை எழுதி, கடவுச்சொல்லால் பூட்டி மின்னஞ்சலில் அனுப்புவார். நான் என்னுடையதை எழுதுவேன். இரண்டும் சேர்ந்த பிறகே கணினி அந்த நாளை நடத்திக் காட்டும். அதற்குள் எதையும் திருத்த முடியாது. இங்கே விடியும்போது அங்கே முந்திய நாளின் மாலை.

போர் விளையாட்டு என்றதும் பீரங்கிச் சத்தத்தை எதிர்பார்ப்பவர்களுக்கு இது ஏமாற்றமாக இருக்கும். பெரும்பகுதி நேரம் எண்ணெயைப் பற்றிய கவலையில்தான் போகும். எந்தக் கப்பல் பழுது பார்க்கும் துறையில் கிடக்கிறது, எந்த விமானப் பிரிவு களைத்துவிட்டது, எந்தத் தீவில் அரிசியும் வெடிமருந்தும் தீர்ந்துவருகின்றன என்று பார்த்துப் பார்த்து எழுத வேண்டும். பெரிய மோதல் எப்போதாவதுதான் வரும். வரும்போது சில நிமிடங்களில் முடிந்துவிடும். அதன் முடிவோ பல மாதங்களுக்கு முன் நாம் அசட்டையாக விட்ட, அல்லது அக்கறையோடு செய்த, ஒரு சிறு வேலையில் இருக்கும்.

இந்த ஆட்டத்தின் முக்கியமான உண்மை முதல் நாளே இருவருக்கும் தெரியும். ஜப்பானை எடுப்பவர் கடைசியில் தோற்பார். போர் முடிவதற்குள் அமெரிக்கா எசெக்ஸ் வகையில் மட்டும் 17 பெரிய விமானந்தாங்கிக் கப்பல்களைச் சேவையில் இறக்கியது. ஜப்பானின் கப்பல் கட்டும் தளங்களால் அதற்கு ஈடு கொடுக்க முடியாது. வரலாற்றில் ஜப்பான் நின்றதைவிட இன்னும் சற்று நன்றாக, சற்று நீண்ட காலம் நிற்பதுதான் அந்தப் பக்கத்தவருக்குக் கிடைக்கக்கூடிய வெற்றி.

அதனால் இந்த ஆட்டத்தை ஆடுவோர் எல்லோரும் அறிந்த ஒரு துயரம் உண்டு. முதல் ஆறு மாதம் ஜப்பான் பக்கத்தவர் தினமும் கடிதம் போடுவார். சிங்கப்பூர் விழும், ஜாவா விழும், ரங்கூன் விழும். பிறகு காற்று திரும்பும். கடிதங்களின் இடைவெளி கூடும். வேலை அதிகம் என்பார், பயணம் என்பார். ஒருநாள் கடிதம் நின்றுவிடும். பல மாத உழைப்பு அப்படியே பாதியில் கிடக்கும்.

அண்ணை ஜப்பானை எடுத்தவர். எங்கள் பலகையில் காற்று எப்போதோ திரும்பிவிட்டது. அவருடைய கடிதங்கள் மட்டும் மாறவில்லை. தாங்கிக் கப்பல்களை இழந்த அடுத்த நாளும் வழக்கம்போல் கட்டளைகள் வந்தன. அவற்றில் சோர்வில்லை, பழிவாங்கும் அவசரமும் இல்லை. மிஞ்சிய எண்ணெயை எங்கே சேர்ப்பது, துண்டிக்கப்பட்ட தீவிலிருந்து எத்தனை பேரை நீர்மூழ்கியில் வெளியே எடுப்பது என்று ஒவ்வொன்றையும் நிதானமாகச் செய்திருந்தார். வெற்றியில் காட்டிய அதே கவனத்தைத் தோல்வியிலும் ஒரு மனிதர் காட்டக்கூடும் என்பதை நான் அவரிடம்தான் முதலில் இவ்வளவு நெருக்கமாகக் கண்டேன்.

இது ஏன் அரிது என்பதற்கு உண்மையான போரிலேயே ஒரு சான்று இருக்கிறது. 1942 ஏப்ரலில் ஜப்பானிய அட்மிரல் நகுமோவின் தலைமையில் ஐந்து விமானந்தாங்கிகள் இலங்கைக்கு வந்தன. 5ஆம் திகதி கொழும்பும் 9ஆம் திகதி திருகோணமலையும் தாக்கப்பட்டன. அடுத்த மாதம், மிட்வே தீவுத் தாக்குதலுக்கு முன், ஜப்பானிய அதிகாரிகள் ‘யமாட்டோ’ போர்க்கப்பலில் கூடி அந்தத் தாக்குதலை மேசைமேல் ஆடிப் பார்த்தார்கள். பகடை உருண்டது. அமெரிக்க விமானங்களின் ஒன்பது குண்டுகள் ஜப்பானியத் தாங்கிகளில் விழுந்ததாக நடுவர் கணக்கிட்டார். ஆட்டத்தை நடத்திய உகாகி அதை மூன்றாகக் குறைத்தார். மூழ்கிய ‘காகா’ பிறகு மீண்டும் மிதக்க வைக்கப்பட்டது. ஜூன் 4ஆம் திகதி உண்மையான கடலில் குண்டுகள் விழுந்தபோது எண்ணிக்கையைக் குறைக்க யாராலும் முடியவில்லை. ‘காகா’ போனது. இலங்கைக்கு வந்துபோன ‘அகாகி’, ‘சோர்யு’, ‘ஹிர்யு’ மூன்றும் அதோடு போயின.

அதே ஆண்டு லிவர்பூலில் வேறு மாதிரி ஒரு மேசை இருந்தது. மேசை என்பதைவிடத் தரை என்று சொல்வதே சரி. நோயினால் கடற்சேவையை விட்ட கில்பர்ட் ராபர்ட்ஸ் என்ற அதிகாரியும், கடற்படையின் மகளிர் பிரிவைச் சேர்ந்த இளம் பெண்களும் ஒரு பெரிய அறையின் தரையில் அட்லாண்டிக் கடலை வரைந்து, நீர்மூழ்கிகளை எப்படி வேட்டையாடுவது என்று ஆடிப் பார்த்தார்கள். ஆட வந்த கப்பல் தளபதிகள் திரைச்சீலைக்குப் பின்னால் நின்று, சிறு துவாரம் வழியாகத் தங்கள் கப்பலுக்குத் தெரியக்கூடியதை மட்டுமே பார்க்கலாம். அந்த அறை சேர்ந்திருந்த கடற்படைக் கட்டளைப் பகுதியின் தலைவரான மேக்ஸ் ஹார்ட்டன், தாமே பழைய நீர்மூழ்கித் தளபதி, ஒருநாள் நீர்மூழ்கியின் பக்கம் ஆடினார். மறுபக்கம் ஆடியவர் ஜேனட் ஓகெல் என்ற இளம் பெண். அட்மிரல் திரும்பத் திரும்பத் தோற்றார். தோற்றதற்காக அந்த அறையை அவர் மூடவில்லை. போர் முடிவதற்குள் ஏறத்தாழ 5,000 அதிகாரிகள் அங்கே பயின்று கடலுக்குப் போனார்கள்.

இந்த இரண்டு அறைகளையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது எனக்கு ஒன்று தெளிவாகிறது. யமாட்டோவில் இருந்தவர்களுக்குத் திறமை குறைவில்லை. அந்த அறையில் உண்மையான எதிராளி இல்லை. அமெரிக்கராக ஆடியவரும் அவர்களுடைய ஆளே, நடுவரும் அவர்களுடைய ஆளே. ஓகெலுக்கோ அட்மிரலைத் திருப்திப்படுத்த வேண்டிய தேவை இருக்கவில்லை. நமக்கு நாமே நடுவராக இருக்கும் ஆட்டத்தில் நாம் தோற்பதில்லை. அதனால்தான் அதில் தேறுவதும் இல்லை. குடும்பத்தில், தொழிலில், ஊர்ச் சங்கத்தில் நாம் எத்தனை ‘காகா’க்களை மீண்டும் மிதக்க வைக்கிறோம்! நடந்ததைக் குறைத்துச் சொல்லி, யார்மீதாவது சாட்டி, பழைய கணக்கை அழித்துப் புதிதாக எழுதுகிறோம். நம் கணக்கை மாற்ற விடாத ஒருவர் எதிரே இருப்பது பெரிய கொடை. அவர் தூரத்தில் இருப்பது இன்னும் நல்லது. முகத்தைப் பார்த்து இரங்கவும் மாட்டார், முகத்துக்காகப் புகழவும் மாட்டார். நாம் செய்தது மட்டும்தான் அவரிடம் போய்ச் சேரும்.

ஆனால் தூரம் என்பது அன்பில்லாமை ஆகிவிடாது. 2018 மார்ச்சில் திகனவிலும் சுற்றுவட்டாரத்திலும் முஸ்லிம் மக்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டு எரிந்தபோது ஊரடங்கு வந்தது, கண்டி மாவட்டத்தில் இணையத்தையும் நிறுத்தினார்கள். மீண்டும் இணையம் வந்ததும் அண்ணையின் கடிதம் காத்திருந்தது. ஆட்டத்தைப் பற்றி அதில் ஒரு சொல் இல்லை. “தம்பி, வீட்டில எல்லாரும் சுகமோ? பக்கத்துச் சனம் எப்படி?” என்று மட்டும் இருந்தது. 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியால மின்வெட்டு வந்தபோது, முறை தாமதமாகும் என்று எழுதினேன். “கரண்ட் வரட்டும், ஆறுதலா அனுப்பும். கப்பல் எங்கையும் போகாது” என்று பதில் வந்தது. என் கப்பல்களை மூழ்கடிக்க இரவெல்லாம் யோசிப்பவரும் இவர்தான்.

போரைக் கண்ட நாட்டில் போரை விளையாடலாமா என்று என்னிடம் கேட்டவர்கள் உண்டு. கேட்க வேண்டிய கேள்விதான். அண்ணை நாட்டை விட்டுப் போனதே போரினால். 2009இல் முடிந்த அந்தப் போருக்கும் ஒரு கடல் இருந்தது. அதை நாங்கள் எந்தப் பலகையிலும் வைக்க மாட்டோம். எங்கள் இருவருக்கும் தெரிந்த மனிதர்கள் அதில் இருக்கிறார்கள். அப்படியானால் பசிபிக் போரில் இறந்தவர்கள் மனிதர்கள் இல்லையா? 1942 ஏப்ரல் 9ஆம் திகதி மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கிய ‘ஹெர்மிஸ்’ கப்பல் இன்றும் அங்கே கடலடியில் கிடக்கிறது. அதில் 307 பேர் இறந்தார்கள். கண்டி நகரிலேயே போர் மயானம் இருக்கிறது. ஏறத்தாழ 200 கல்லறைகள்: பிரித்தானியர், கிழக்கு ஆபிரிக்கர், இந்தியர், இலங்கையர், இத்தாலியர் சிலர்கூட.

இந்தக் கேள்விக்கு என்னிடம் இருக்கும் பதில் இதுதான். தூரத்திலிருந்து கட்டளை இடுவது எவ்வளவு எளிது என்பதை இந்த விளையாட்டு என் கையாலேயே எனக்குக் காட்டியிருக்கிறது. ஒரு நாசகாரிக் கப்பலை இழந்தால் எனக்கு அது ஒரு வரி. அந்த வரியைப் படித்துவிட்டுத் தேநீர் குடிக்க என்னால் முடிகிறது. பேராதனையில் அமர்ந்திருந்தவர்களுக்கும், வேறு தலைநகரங்களில் அமர்ந்திருப்பவர்களுக்கும் அதே வசதி உண்டு. மனிதர்களை எண்ணாகப் பார்க்கும் அந்த எளிமையைத் தன்னுள்ளேயே உணர்ந்தவன், அதைப் பிறரிடம் காணும்போது ஏமாற மாட்டான். வெற்றிச் செய்தியை யாராவது உரக்கப் படித்தால், அந்த வரிக்குள் எத்தனை பேர் என்று கேட்பான். இந்தக் கேள்வியைக் கேட்கப் பழக்காத போர் விளையாட்டு எதுவும் பிள்ளைகளின் கையில் இருக்கக் கூடாது என்றே நினைக்கிறேன்.

அண்ணையிடம் கற்றது என் வீட்டுக்குள்ளும் உதவியது. அம்மாவுக்கு நினைவு மங்கத் தொடங்கியபோது, அது எங்கே போய் முடியும் என்பதை வைத்தியர் முதலிலேயே சொல்லிவிட்டார். போன நினைவு திரும்பாது. இப்படியொரு செய்திக்குப் பிறகு வீட்டில் இரண்டு விதமான ஓட்டம் தொடங்கும். ஒன்றுமே இல்லை, வயதானால் அப்படித்தான் என்று கணக்கைக் குறைப்பது ஒன்று. இனி என்ன செய்து என்ன என்று கையை விடுவது மற்றொன்று. இரண்டும் இல்லாத வழி ஒன்று இருக்கிறது. முடிவு மாறாது என்று தெரிந்தே அன்றைய நாளுக்கு வேண்டியதைச் செய்வது: நேரத்துக்கு மருந்து, கேட்ட கேள்விக்கே பத்தாவது தடவையும் முதல் தடவைபோலப் பதில், மாலையில் முற்றத்தில் சிறு நடை. இன்று அவர் தம் பெயர் தெரிந்து சிரித்தால், அது உண்மையான ஒரு நாள். முடிவு தெரிந்துவிட்டது என்பதற்காக இடையில் உள்ள நாட்கள் மதிப்பிழந்து போவதில்லை. அவற்றின் மதிப்பை அந்த நாட்களை வாழ்கிறவர்கள்தான் தருகிறார்கள்.

நாம் பிள்ளைகளுக்கு வெல்லக் கற்றுக்கொடுக்கிறோம். புலமைப்பரிசில் தொடங்கிப் பல்கலைக்கழக நுழைவு வரை எல்லாம் வெல்வதற்கான பயிற்சி. ஆனால் ஒரு வாழ்க்கையில் மனிதர் வெல்லும் காலம் கொஞ்சம். உடல் தளரும் காலம், தொழில் நலியும் காலம், அன்புக்குரியவர்கள் ஒவ்வொருவராகப் போகும் காலம் நீண்டது. அந்தக் காலத்தில் கணக்கைத் திருத்தாமலும் ஆட்டத்தை விட்டு ஓடாமலும் நிற்பது எப்படி என்று எந்தப் பரீட்சையும் கேட்பதில்லை. அதை நின்று காட்டும் ஒருவரிடமிருந்துதான் கற்க முடியும்.

எங்கள் பலகையில் இப்போது 1945. இன்னும் சில மாதங்களில் இந்த ஆட்டம் முடிந்துவிடும். அடுத்த ஆட்டத்தில் பக்கம் மாறுவோமா என்று அண்ணையிடம் கேட்டேன்; ஜப்பானை நான் எடுக்கிறேன் என்றேன். “அது தோற்கிற பக்கம், தெரியும்தானே?” என்று எழுதினார். தெரியும். காற்று திரும்பிய பிறகும் அவர் எனக்குத் தந்த அந்த இரண்டாம் பாதியை, ஒரு முறைகூடத் தவறாமல் அவருக்கு நான் திருப்பித் தர வேண்டும்.