வெட்டி வாசித்த வேதம்

டிசம்பர் 31 நள்ளிரவு ஆராதனை முடிந்து வெளியே வரும் தமிழ்க் கிறிஸ்துவர்கள் பலருடைய கையில் சின்னதாக ஓர் அட்டை இருக்கும். வரப்போகும் ஆண்டுக்கான வாக்குத்தத்த வசனம் அது. விடிவதற்குள் வாட்ஸ்அப்பில் அதன் படம் பறக்கும். "எனக்கு என்ன வந்திருக்கு பாத்தியா?" என்று அக்கா தங்கையிடம் காட்டுவார். அப்படி அடிக்கடி கண்ணில் படும் வசனங்களில் ஒன்று எரேமியா 29:11. கடவுள் நமக்கு நல்ல எதிர்காலத்தையே நினைத்து வைத்திருக்கிறார் என்று உறுதி சொல்லும் வசனம். வீட்டுக் கடன், பிள்ளையின் படிப்பு, ஆஸ்பத்திரி ரிப்போர்ட் என்று எதை நினைத்துக்கொண்டிருப்பவருக்கும் அது ஆறுதல் தரும்.

அட்டையில் இடம் பெறாதது அதற்கு முந்தைய வசனம். அந்த அத்தியாயம் ஒரு கடிதம். எருசலேமிலிருந்து பாபிலோனுக்குப் பிடித்துச் செல்லப்பட்டவர்களுக்கு எரேமியா எழுதியது. சீக்கிரம் ஊர் திரும்பலாம் என்ற நம்பிக்கையில் அவர்கள் இருந்தார்கள். முந்தைய அத்தியாயத்தில் அனனியா என்ற தீர்க்கதரிசி இரண்டே ஆண்டுகளில் எல்லாம் சரியாகிவிடும் என்று மேடை போட்டுச் சொல்கிறார். எரேமியா சொல்லும் கணக்கு 70 ஆண்டுகள். கடிதத்தைக் கேட்ட பெரியவர்களில் அநேகமாக யாரும் ஊர் திரும்பப் போவதில்லை. வீடு கட்டிக்கொள்ளுங்கள், தோட்டம் போடுங்கள், பிடித்துக்கொண்டு போன அந்த நகரத்தின் நலனுக்காகவே வேண்டிக்கொள்ளுங்கள் என்கிறது கடிதம். இத்தனையும் சொன்ன பிறகுதான் நல்ல எதிர்காலம் பற்றிய பேச்சு வருகிறது. அட்டையை எடுக்கும் நாம் எரேமியாவின் வசனத்தை அனனியாவின் குரலில் வாசிக்கிறோம்.

இதை ஒரு கேலியாகச் சொல்லவில்லை. நோயாளியின் தலையணைக்கடியில் இருக்கும் ஒரு வசனத்தோடு யாரும் சண்டை போட வேண்டியதில்லை. ஆனால் ஆன்மிக வளர்ச்சிக்காக வேதத்தைத் தனியாக உட்கார்ந்து வாசிக்கிறேன் என்று ஒருவர் சொல்லும்போது ஒரு கேள்வி எழத்தான் செய்கிறது. வளர்வது எது? அவரா, அவர் ஏற்கெனவே வைத்திருந்த எண்ணமா? அறைக்குள் புத்தகமும் நாமும் மட்டும் இருக்கும்போது, எதை வாசிப்பது எதைத் தாண்டிப் போவது என்று முடிவு செய்யும் எடிட்டர் நாம்தான்.

அந்த எடிட்டரின் வேலை எப்படியிருக்கும் என்பதற்கு அச்சில் ஒரு சாட்சி உண்டு. 1807-இல் லண்டனில் ஒரு பைபிள் அச்சானது. பிரிட்டிஷ் மேற்கிந்தியத் தீவுகளின் கரும்புத் தோட்டங்களில் இருந்த ஆப்பிரிக்க அடிமைகளுக்காகத் தேர்ந்தெடுத்துத் தொகுத்தது. பழைய ஏற்பாட்டில் சுமார் பத்தில் ஒன்பது பங்கு அதில் இல்லை. புதிய ஏற்பாட்டில் ஏறக்குறையப் பாதி இல்லை. யோசேப்பு அடிமையாக விற்கப்பட்டு, விசுவாசமாக உழைத்து முன்னேறும் கதை இருக்கிறது. மோசே தன் ஜனங்களை எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து நடத்திச் செல்லும் கதை இல்லை. வேலைக்காரர்கள் எஜமானுக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்ற எபேசியர் வசனம் இருக்கிறது. கிறிஸ்துவுக்குள் அடிமை என்றும் சுயாதீனன் என்றும் வேறுபாடு கிடையாது என்னும் கலாத்தியர் 3:28 இல்லை. தொகுத்தவர்கள் அடிமைகளின் ஆன்ம நலனுக்காகத்தான் செய்கிறோம் என்று நம்பியிருக்கவும் கூடும்.

இன்னொரு கத்தி அமெரிக்காவில் வேலை செய்தது. தாமஸ் ஜெஃபர்சன் 1820 வாக்கில், எழுபது வயதைத் தாண்டிய பிறகு, நான்கு மொழிகளிலிருந்த சுவிசேஷங்களை வாங்கி, வேண்டிய பகுதிகளைக் கத்தியால் நறுக்கி ஒட்டி ஒரு புத்தகம் செய்துகொண்டார். அற்புதங்கள் போயின. உயிர்த்தெழுதல் போனது. கல்லறையைக் கல் வைத்து மூடுவதோடு புத்தகம் முடிகிறது. மலைப்பிரசங்கம் மிஞ்சியது. இது யாரையும் ஏமாற்றச் செய்ததில்லை. வெளியிடக்கூட இல்லை. தன் ஒழுக்க வாழ்வுக்காக ஒரு மனிதர் தானே செய்துகொண்ட, மிகத் தூய அர்த்தத்தில் தனிப்பட்ட வேத வாசிப்பு அது. அதே மனிதர் தன் வாழ்நாளில் 600-க்கும் மேற்பட்டவர்களை அடிமைகளாக வைத்திருந்தார். தனக்கு நம்ப முடியாததை எல்லாம் அவர் கத்தி வெட்டியது. பிறருக்குச் செய்ய வேண்டியதைச் சொல்லும் வரிகளை அது தொடவில்லை. அந்த வரிகளும் அவரைத் தொடவில்லை.

கத்தியே இல்லாமலும் வெட்டலாம் என்பதற்கு நம்ம ஆட்களே உதாரணம். சீகன்பால்குவின் தமிழ்ப் புதிய ஏற்பாடு தரங்கம்பாடியில் 1715-இல் அச்சாகி முடிந்தது. கலாத்தியர் 3:28 முழுசாக அதில் இருந்தது. நூறு ஆண்டுகளுக்கு மேல் தமிழில் அதை வாசித்தார்கள், பாடினார்கள், பிரசங்கித்தார்கள். அதே சபைகளில் சாதிவாரியாகத் தனித்தனி இடங்களில் உட்கார்ந்தார்கள். திருவிருந்திலும் அந்த வரிசை மாறவில்லை. 1833-இல் ஆயர் டேனியல் வில்சன் இனி இது கூடாது என்று உத்தரவிட்டபோது, தஞ்சாவூரிலும் சென்னை வேப்பேரியிலும் பெருந்தொகையினர் சபையை விட்டு வெளியேறினார்கள். அவர்கள் வேதம் அறியாதவர்கள் இல்லை. தலைமுறை தலைமுறையாக வாசித்தவர்கள். ஒரு வசனம் மட்டும் அச்சில் இருந்தும் கண்ணில் படாமல் இருந்தது.

அப்படியானால் ஒரு வரி விடாமல் வாசித்தால் போதுமா? போதாது. 1807 பைபிளைத் தொகுத்தவர்கள் தங்கள் கையில் முழு பைபிளைத்தான் வைத்திருந்தார்கள். தவிர, எதையும் தள்ளாமல் வாசிப்பது யாராலும் ஆகாத காரியம். நூற்றுக்கணக்கான ஆண்டுகளில், பல கைகளால் எழுதப்பட்ட நூல்களின் தொகுப்பு அது. பகைவரை அழிக்கச் சொல்லும் பக்கமும் உண்டு, பகைவரை நேசிக்கச் சொல்லும் பக்கமும் உண்டு. ஏதோ ஒன்றின் வெளிச்சத்தில்தான் மற்றதை வாசிக்க முடியும். சாத்தானுக்குக்கூட வசனம் மனப்பாடம். வனாந்தரத்தில் இயேசுவைச் சோதிக்கும்போது 91-ஆம் சங்கீதத்தைச் சரியாகவே எடுத்துச் சொல்கிறான்.

வெட்டியவர்களின் பட்டியலில் இயேசுவும் உண்டு. லூக்கா நான்காம் அத்தியாயம். நாசரேத்து ஜெப ஆலயத்தில் அவர் கையில் ஏசாயாவின் சுருளைக் கொடுக்கிறார்கள். 61-ஆம் அத்தியாயத்தை வாசிக்கிறார். ஏழைகளுக்கு நற்செய்தி, சிறைப்பட்டவர்களுக்கு விடுதலை, கர்த்தருடைய அனுக்கிரக வருஷம் என்று போகிற வாக்கியத்தைப் பாதியிலேயே நிறுத்தி, சுருளைச் சுருட்டிக் கொடுத்துவிட்டு உட்காருகிறார். ஏசாயாவில் அடுத்து வருவது கடவுள் பழிவாங்கும் நாள். ரோமர்களுக்குக் கீழே மூச்சுத் திணறிக்கொண்டிருந்த சொந்த ஊர்க்காரர்கள் ஆசையோடு காத்திருக்கக்கூடிய வரி அதுதான். அதை விட்டுவிட்டு, எலியா உதவப் போனது அந்நிய ஊரான சாறிபாத்தின் விதவைக்கு, எலிசா குணமாக்கியது சீரியாக்காரனான நாகமானை என்று ஆரம்பிக்கிறார். கூட்டம் கொதித்துப்போகிறது. மலை விளிம்புவரை தள்ளிக்கொண்டு போகிறார்கள்.

இந்த இடத்தில்தான் எனக்கு ஓர் அளவுகோல் கிடைக்கிறது. எல்லோரும் வெட்டுகிறோம். கேட்க வேண்டிய கேள்வி, இந்த வெட்டால் யாருக்கு லாபம் என்பது. லண்டன் பதிப்பின் வெட்டு தோட்ட முதலாளிக்கு லாபம். வேப்பேரியின் வெட்டு முன்வரிசையில் உட்கார்ந்தவருக்கு லாபம். ஜெஃபர்சனின் வெட்டு அவருடைய அறிவுக்கு நிம்மதி தந்தது, அவருடைய சொத்துக்குச் சேதம் செய்யவில்லை. நாசரேத்தின் வெட்டு வெட்டியவரை மலை விளிம்பில் நிறுத்தியது. வளர்ச்சி என்ற சொல்லுக்கு ஏதாவது பொருள் இருந்தால், வாசித்தவன் எதையாவது இழந்திருக்க வேண்டும். ஒரு வெறுப்பையோ, ஒரு வசதியையோ, தன்னைப் பற்றி வைத்திருந்த ஒரு நல்ல பிம்பத்தையோ.

சிக்கல் என்னவென்றால், லாபம் அடைகிறவனுக்கு அது லாபமாகத் தெரியாது. தாவீது ராஜாவுக்குத் தெரியவில்லை. உரியாவின் மனைவியை எடுத்துக்கொண்டு உரியாவையும் சாகடித்த பிறகு, நாத்தான் வந்து கதை சொல்கிறார். ஏராளமான ஆடுகள் வைத்திருந்த பணக்காரன், ஏழை வளர்த்த ஒரே ஆட்டுக்குட்டியைப் பிடுங்கி விருந்து வைத்த கதை. தாவீதுக்கு ரத்தம் கொதிக்கிறது. கதையை அவர் சரியாகவே புரிந்துகொண்டார். அந்தப் பணக்காரன் நீர்தான் என்று எதிரே நின்று சொல்ல ஓர் ஆள் தேவைப்பட்டது. அந்த ஆள் இல்லாமல் போகும் அபாயம் தனி அறையில் எப்போதும் உண்டு.

நாத்தான் பெரும்பாலும் நாம் எதிர்பாராத திசையிலிருந்து வருவார். ஆறுமுக நாவலர் யாழ்ப்பாணத்தில் பீட்டர் பெர்சிவல் பாதிரியாருக்கு பைபிள் மொழிபெயர்ப்பில் துணை நின்றவர். மொழிபெயர்க்கும் வேலையில் பிடிக்காத பக்கத்தைத் தாண்டிப் போக முடியாது. அவர் கிறிஸ்துவராகவில்லை. ஆனால் சைவச் சடங்குகளை மூடத்தனம் என்று கண்டித்த மிஷனரிகளிடம் 1854-இல் 'சைவ தூஷண பரிகாரம்' எழுதி, பலியும் தீபமும் தூபமும் தீட்டு விதிகளும் உங்கள் வேதத்திலேயே இருக்கின்றனவே என்று எடுத்துக்காட்டினார். அவர்கள் வேகமாகப் புரட்டிப்போன பக்கங்களை அவர் நிதானமாக வாசித்திருந்தார்.

ஜமைக்காவிலும் ஒருவர் அப்படி வாசித்தார். சாம் ஷார்ப், அடிமை, பாப்டிஸ்ட் சபையின் உதவி ஊழியர். மனிதனை மனிதன் அடிமையாக வைத்திருக்க உரிமையில்லை என்பதை பைபிளிலிருந்தே கற்றுக்கொண்டதாகச் சொன்னவர். 1831 கிறிஸ்துமஸ் சமயத்தில் அவர் தொடங்கிய வேலைநிறுத்தம் பெரும் கிளர்ச்சியானது. 1832-இல் அவரைத் தூக்கிலிட்டார்கள். அடுத்த ஆண்டு பிரிட்டிஷ் பாராளுமன்றம் அடிமை ஒழிப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. யாருக்காகப் பக்கங்களைக் கழித்தார்களோ, அவர்களில் ஒருவரே கழித்ததையும் சேர்த்து வாசித்துவிட்டார்.

கடவுள் நம்பிக்கை இல்லாத இலக்கிய வாசகருக்கும் இது பொருந்தும் என்று நினைக்கிறேன். நம் கையிலிருக்கும் எந்தப் பெரிய நூலையும், குறளையோ மார்க்ஸையோ, நாம் இப்படித்தான் வாசிக்கிறோம். பிடித்த வரிக்குக் கீழே கோடு போடுவது சுலபம். ஒரு மாதம் அதைத் தலைகீழாகச் செய்து பார்க்கலாம். வாசிக்கும்போது எந்த இடத்தில் கை தானாக அடுத்த பக்கத்துக்குப் போகிறதோ, அங்கே பென்சிலால் ஓரத்தில் ஒரு கோடு. பிறகு அந்தப் பக்கத்தை, அதனால் நம்மிடம் ஏதாவது கேட்க உரிமையுள்ள ஒருவரிடம் கொடுத்து, இதில் உனக்கு என்ன தெரியுது என்று கேட்க வேண்டும். வீட்டில் சமையல் செய்யும் அக்காவாக இருக்கலாம், நம்மிடம் சம்பளம் வாங்குபவராக இருக்கலாம், நாம் பெண் கொடுக்கவோ எடுக்கவோ மறுக்கும் வீட்டுக்காரராக இருக்கலாம். அவர் சொல்லும் பதிலைக் குறுக்கே பேசாமல் கேட்க முடிந்தால், வாசிப்பு அங்கேதான் தொடங்குகிறது.